மைக்கின் முதுகு

நல்ல மேடை மைக்கின் அழகு அதன் முதுகில் இருக்கிறது. முன்பக்கத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய உண்டு. எந்த மைக்கில் குரல் கனமாக விழும், எதில் மூச்சுக்காற்று தெரியும், எதில் ‘ஸ’ உறுத்தும் என்றெல்லாம் சபா கேன்டீனிலேயே வாதம் நடக்கும். நான் வேறு கட்சி. மேடை மைக்கின் தரத்தை அது எதைக் கேட்க மறுக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். கச்சேரி நடுவில், ஸ்பீக்கரின் ஒலியை மைக்கே மறுபடி கேட்டுச் சுழலவிடும் கூவல் கிளம்பாமல் இரண்டரை மணி நேரம் ஓடியது என்றால், அதற்குப் பாதிக் காரணம் யாரோ ஒருவர் மைக்கின் முதுகை எங்கே திருப்பி வைப்பது என்று யோசித்ததுதான்.

1939ல் மைக் செய்யும் ஷூர் கம்பெனியில் பெஞ்சமின் பாவர் யூனிடைன் 55 மைக்கைச் செய்தபோது, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதுவரை ஒரே கூட்டுக்குள் இரண்டு வகை மைக்குகளை அடைத்து, இரண்டும் தருவதைக் கூட்டித்தான் அதைச் சாதித்தார்கள். பாவர் ஒரே சவ்வை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் ஒலிக்கு ஒரு வழி திறந்துவிட்டார். பின்னாலிருந்து வரும் ஒலி அந்த வழியாக உள்ளே நுழைந்து, அடைப்புகளில் சற்றுத் தாமதித்து, வெளியே சுற்றிக்கொண்டு முன்னால் வரும் அதே ஒலியோடு ஒரே கணத்தில் சவ்வை அடையும். இரு பக்கமும் சம அழுத்தம் விழுந்தால் சவ்வு அசைவதில்லை. பின்னால் என்ன சத்தம் போட்டாலும் மைக்கைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. காற்றின் ஓட்டத்தை வைத்தே போட்ட கழித்தல் கணக்கு அது. 1959ல் அதே கம்பெனியின் எர்னி சீலர் அந்தக் கணக்கை நுனியை நோக்கிப் பாடும் சிறிய உடலுக்குள் கொண்டுவந்தார். அந்த வழியில் 1966ல் வந்த எஸ்.எம். 58ஐ இன்றும் எந்த ஊர் மேடையிலும் பார்க்கலாம். மேலே உள்ள வலைக்கூண்டை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் பின்புறமாக இருக்கும் அந்தச் சிறு திறப்புகளை நினைப்பவர் குறைவு. நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் மைக்கின் தலையை முஷ்டியால் மூடிப் பிடிக்கும்போது அடைபடுவது அவைதான். அந்த நொடியில் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும். பழி ஒலிப்பலகையில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும்.

சூப்பர் கார்டியாய்டு மைக்குகளின் ரசிகர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பக்கவாட்டு ஒலியை அவை இன்னும் நன்றாகத் தள்ளும் என்பது சரி. ஆனால் எஸ்.எம். 58 போன்ற கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் புள்ளி நேர் பின்னால், 180 டிகிரியில் இருக்கிறது. சூப்பர் கார்டியாய்டுக்கு அது இரு பக்கமும் ஏறக்குறைய 126 டிகிரியில் இருக்கிறது. நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் காது உண்டு. சூப்பர் கார்டியாய்டுக்கு மாறினால், பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரையும் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தியாக வேண்டும். மைக்கை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிடும் மேடைகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. காசு கொடுத்துக் கூவலை வாங்குகிறார்கள்.

எனக்கு இதையெல்லாம் கண்ணால் காட்டிக்கொடுத்தவர் மயிலாப்பூரின் ஒரு சிறிய சபாவில் ஒலி பார்த்த பெரியவர். திரைக்குப் பின்னால் சுருதி சேர்ந்துகொண்டிருக்கும்போது அவர் ஜமக்காளத்தில் குப்புறப் படுப்பார். மானிட்டரின் வாய் இருக்கும் இடத்தில் தன் கண்ணை வைத்து, அங்கிருந்து பாடகரின் மைக்கைப் பார்ப்பார். மைக்கின் வால், அதாவது கேபிள் செருகும் முனை, வட்டமாக நேரே தெரிய வேண்டும். மைக்கின் பக்கவாட்டு உடல் கொஞ்சம் தெரிந்தாலும் எழுந்து ஸ்டாண்டின் கையை ஒரு விரல் அளவு தாழ்த்திவிட்டு மறுபடி படுப்பார். “என்ன சார் தேடறேள்?” என்று ஒரு வித்வான் கேட்டார். “மைக்கு வாலைப் பாக்கறேன் சார். எனக்கு வால் மட்டும் தெரிஞ்சா, மைக்குக்கு மானிட்டர் கேக்காது” என்றார். வித்வான் சிரிக்கவில்லை; தம்பூராவை அணைத்தபடி, அவர் முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பாடகர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மானிட்டர் அவருக்கு முன்னால் தரையில், மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. மைக்கைத் தரைக்கு இணையாக நீட்டினால் அதன் முதுகு ஜனங்களைப் பார்க்கும். மானிட்டரின் ஒலி கீழேயிருந்து பக்கவாட்டாக ஏறும். கார்டியாய்டு நேர் பக்கவாட்டில் 6 டெசிபல்தான் குறைத்துக் கேட்கும். நேர் பின்னால் 20 டெசிபலை ஒட்டிக் குறைக்கும். மைக்கைத் தாழ்த்தி, வாயை நோக்கி மேலே சாய்த்தால் மானிட்டர் சரியாக முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஒரு குமிழையும் தொடாமல் பத்து டெசிபலுக்கு மேல் கைக்கு வந்து சேர்கிறது. அந்தப் பெரியவர் ஜமக்காளத்தில் படுத்துச் சம்பாதித்தது இதைத்தான்.

அவர் பார்த்த இன்னொன்று, பாடகருக்கு முன்னால் இருக்கும் பொருட்கள். அப்போது நோட்டுப் புத்தகம். இப்போது ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்த டேப்லெட்டின் கண்ணாடித் திரை. சமதளமான கடினப் பரப்பு எதுவாக இருந்தாலும் மானிட்டரின் ஒலியைத் திருப்பி மைக்கின் முகத்தில் அடிக்கும். முதுகைக் காப்பாற்றிய உழைப்பெல்லாம் முன்வாசல் வழியாகப் போய்விடும். சாகித்தியத்தைப் பார்த்துப் பாடுவது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. திரையைத் தாழ்த்திப் படுக்கை வாட்டில் வையுங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

ஈக்வலைசர் கட்சிக்காரர்களோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு. கச்சேரிக்கு முன் ஒவ்வொரு மைக்காக ஏற்றி, கூவவிட்டு, கூவும் இடத்தை 31 பட்டைகளில் தேடி வெட்டுவது அவர்கள் வழி. பேச்சு மேடைக்கு அது போதும். நம் சங்கீதத்தில் அந்த வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1 கட்டை சுருதியில் பாடும் வித்வானுக்கு மத்ய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 196, தார ஷட்ஜம் 262. உட்கார்ந்து பாடும் மேடைகளில் குமுறல் கிளம்புவது பெரும்பாலும் இதே வட்டாரத்தில். 200 என்ற பட்டையை இறக்கினால் பஞ்சமம் போகிறது. 250ஐ இறக்கினால் தார ஷட்ஜம் மெலிகிறது. ஆலாபனையில் பாடகர் மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போது, சபை நிமிர வேண்டிய அந்த இடத்தில், குரல் ஏன் பின்வாங்குகிறது என்று பலர் யோசித்திருப்பார்கள். குரல் பின்வாங்கவில்லை. யாரோ மத்தியானம் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வெட்டுவதையே கலையாகச் செய்தவர்களும் உண்டு. 1960களில் டெக்சாஸில் ஒலியியலாளர் சி. பி. போனர், ஒவ்வொரு அரங்கமும் எங்கெங்கே ரீங்கரிக்கிறது என்று அளந்து, சில ஹெர்ட்ஸ் அகலமே உள்ள வடிகட்டிகளை அந்தந்த அரங்குக்கென்றே செய்து பொருத்தினார். அந்தப் பொறுமையை வணங்குகிறேன். பட்டையைக் கட்டைவிரலால் அடிவரை இறக்குவதை அதோடு சேர்க்க மாட்டேன்.

கூவலைத் தானே கண்டுபிடித்து அடக்கும் பெட்டிகளும் வந்துவிட்டன. ஒரே ஸ்வரத்தில், தடுமாறாமல், நீடித்து ஒலிக்கும் எதையும் அந்தப் பெட்டி கூவல் என்று சந்தேகிக்கும். நம் கச்சேரியில் அப்படி ஒலிப்பது எது? புல்லாங்குழலின் கார்வை, வயலினின் நீண்ட வில், சுத்தமாக நிற்கும் ஷட்ஜம். வித்வத்து எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பெட்டிக்குச் சந்தேகம் கூடும். இதற்கு முன் வந்த யோசனை இன்னும் நுட்பமானது. 1964ல் ஒலியியல் ஆய்வாளர் மான்ஃபிரட் ஷ்ரோடர், வெளியேறும் ஒலி முழுவதையும் 5 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் சுற்றிச் சுற்றி வரும் ஒலி ஒரே இடத்தில் வலுவடையாது என்று காட்டினார். பேச்சுக்கு அபாரமான வழி. ஆனால் 131 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தை 136க்குத் தள்ளினால் அடுத்த ஸ்வரஸ்தானத்துக்குப் பாதி தூரத்துக்கும் மேலே விலகிவிடும். மேலே போகப் போக விலகல் வேறு வேறு அளவு. தம்பூரா ஒலிக்கும் மேடையில் அதற்கு இடமில்லை.

மிருதங்கத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அதன் வலது முகமான வலந்தலையைச் சுருதிக்குச் சேர்த்து வைத்திருக்கிறோம். அது சபையைப் பார்த்திருப்பதால், முன்னால் வைத்த மானிட்டர் நேரே அதன் மேல் அடிக்கிறது. மானிட்டரில் பாடகர் ஷட்ஜம் பிடித்தால், யாரும் தொடாமலே தோல் பதில் சொல்லும். அதை அருகில் இருக்கும் மைக் கேட்டு மானிட்டருக்கு அனுப்பும். மைக்கின் முதுகுக்குக் கேட்காததை மிருதங்கம் வாங்கி முன்பக்கமாகக் கொடுத்துவிடுகிறது. இங்கே முதுகுத் தத்துவம் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிருதங்கக்காரரின் மானிட்டரில் பாட்டைக் குறைத்து, மானிட்டரையே வலந்தலையின் முகத்திலிருந்து விலக்கித் திருப்ப வேண்டும். அந்தப் பெரியவர் வாத்தியம் வாசிக்கப்படாத நேரத்தில் வலந்தலை மேல் இரண்டு விரல் வைத்து, பாடகரைக் கொஞ்சம் பாடச் சொல்லி, தோல் எவ்வளவு துடிக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு மானிட்டரைத் திருப்புவார். மீட்டர் காட்டாததை விரல் காட்டியது.

மேடையில் இருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பேச வேண்டும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், கூவலுக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போகும். பாட்டுக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று, கஞ்சிராவுக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று. எட்டு மைக் திறந்தால் ஒரு மைக் கச்சேரியைவிட 9 டெசிபல் குறைவாகத்தான் ஏற்ற முடியும். மறுபக்கம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு “வால்யூம் ஏத்துங்கோ” என்று கேட்பதைவிட அரைச் சாண் முன்னால் நகர்வது மேல்.

மானிட்டரே வேண்டாம், காதுக்குள் பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள் இளையவர்கள். கூவல் போய்விடும் என்பது உண்மை. ஆனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் வயலினை ஒலிப்பலகை வழியாகக் கேட்டுக்கொண்டு பாடுவதில், கேள்வி பதிலாக நடக்கும் கல்பனா ஸ்வரத்தின் சூடு எப்படி நிற்கும்? மைக்கே இல்லாத கச்சேரி கேட்கப் போகிறவர்களையும் மதிக்கிறேன். சிறிய கூடத்தில் அதற்கு ஈடில்லை. மானிட்டரே இல்லாமல் பாடும் துணிச்சலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு. 1974ல் ஸ்பீக்கர் மதில் முழுவதையும் தங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிராக இணைத்துக் கொடுத்தார்கள். மதிலிலிருந்து வருவது இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகும். பாடகர் ஒன்றில் மட்டும் உதடு வைத்துப் பாடியதால் குரல் மிஞ்சும். குரல் கொஞ்சம் மெலிந்து ஒலித்தது என்ற குறை உண்டு. ஆனாலும் அது பாவரின் கழித்தல் கணக்கின் பெரிய வடிவம் என்பதால் எனக்கு அந்தக் குழுவின் மேல் தனி மரியாதை.

இன்று சங்கடப்படுத்துவது கருவிகளின் குறை அல்ல. கருவிகள் முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கின்றன. மார்கழியில் ஒரே மேடையில் ஒரே நாளில் நான்கு கச்சேரி. ஒருவர் மங்களம் பாடி இறங்குவதற்குள் அடுத்தவர் ஜமக்காளத்தில் ஏறிவிடுகிறார். ஒலி சரிபார்க்கும் நேரம் வர்ணத்துக்குள் கரைந்துபோகிறது. காலி அரங்கில் சரிபார்த்ததும் நிறைந்த அரங்கில் மாறும்; அதற்கென்று 6 டெசிபலாவது கீழே நிற்க வேண்டும் என்ற ஒழுக்கம் போய்விட்டது. பாடகர் வர்ணத்தின் நடுவில் விரலை மேலே காட்டுகிறார். மிருதங்கக்காரர் அவரைப் பார்த்துத் தானும் காட்டுகிறார். வயலின்காரர் வில்லால் காட்டுகிறார். ஒருவருக்கு ஏற்றினால் மற்றவர் காதில் விழாது. மூவருக்கும் ஏற்றினால் குரலின் ஓரத்தில் கண்ணாடி உரசுவது போன்ற ஒரு கூர்மை ஏறும். கூவல் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. கச்சேரி முழுவதும் அந்தக் கூர்மையோடு கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை அதையே குரலின் பளபளப்பு என்று நினைக்கிறது. இதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

வித்வான்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஏற்றச் சொல்லும் முன், எதை இறக்கினால் வேண்டியது கேட்கும் என்று யோசியுங்கள். சபாக்களிடம் இரண்டு உண்டு. திரை விலகும் முன் அரை மணி நேரம் ஒலி பார்ப்பவருக்கே என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பொன்னாடையும் பேச்சும் மேடையில் வேண்டாம். நிகழ்ச்சித் தாளில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் போடுகிறீர்கள். கடைசியில் இருப்பது பெரும்பாலும் ஒலி வாடகைக் கம்பெனியின் பெயர்தான். அதற்குக் கீழே, அன்று பலகையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயரையும் அச்சிடுங்கள். பெயர் போட்டால் ரசிகர்கள் அவரைத் தேடி வருவார்கள். நன்றாக இருந்தது என்று சொல்வார்கள், கூவினால் ஏன் என்று கேட்பார்கள். பாடகரைக் கேள்வி கேட்டு வளர்த்த ஊர் இது. ஒலி பார்ப்பவரையும் அப்படி வளர்க்க முடியும்.