துயரும் விசுவாசமும்: லூயிஸின் இரு நூல்கள் – ஒரு மதிப்பீடு

துன்பத்தைப் பொருளாகக் கொண்டு சி. எஸ். லூயிஸ் எழுதிய நூல்களுள் இரண்டு, திருப்பணியாளர் அனைவரும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. ஒன்று, 1940-இல் வெளிவந்த ‘தி பிராப்ளம் ஆஃப் பெயின்’. மற்றது, அவருடைய மனைவி ஜாய் டேவிட்மன் 1960 ஜூலையில் புற்றுநோயால் மறைந்தபின் எழுதப்பெற்று, 1961-இல் என். டபிள்யூ. கிளார்க் என்னும் புனைபெயரில் வெளிவந்த ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’.

முன்னது வாதம், பின்னது புலம்பல். பின்னது முன்னதைப் பொய்யாக்கிவிட்டது என்பார் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. துன்பம் எழுப்பும் அறிவுச் சிக்கலை ஆராய்வதே தம் நோக்கம் என்றும், துன்பத்தைத் தாங்கும் உரத்தைக் கற்பிக்கத் தமக்குத் தகுதியில்லை என்றும் முதல் நூலின் முன்னுரையிலேயே லூயிஸ் ஒப்புக்கொள்கிறார். வாதத்தின் எல்லையை அவர் அன்றே அறிந்திருந்தார். அவ்வெல்லைக்கு அப்பால் அவர் நடக்க நேர்ந்த வழியை இரண்டாம் நூல் காட்டுகிறது.

அவ்வழி கடினமானது. 1957-இல் மருத்துவமனைப் படுக்கையருகே அவர்களுடைய திருமணம் திருச்சபை முறைப்படி நடைபெற்றது. அதன்பின் நோய் தணிந்தது, நம்பிக்கை துளிர்த்தது, நோயோ மீண்டும் வந்தது. எனவே இழப்பின் துயரோடு, கேட்கப்பட்டதாகத் தோன்றிய ஜெபம் பொய்த்ததன் ஏமாற்றமும் சேர்ந்துகொண்டது. தேவன் இல்லையென்று எண்ணிவிடுவோமோ என லூயிஸ் அஞ்சவில்லை. தேவன் கொடியவர் என்று நம்பிவிடுவோமோ என்றே அஞ்சினார். மனம் சற்றே அமைதியுற்றபோது, தாம் எழுதியவற்றுட் சில சிந்தனையன்று, வெறும் கூக்குரலே என்று அவரே கண்டிக்கிறார். ஆயினும் அவற்றை அவர் அழித்துவிடவில்லை. நூலின் பெருமதிப்பு இந்நேர்மையில்தான் உள்ளது.

குறையும் ஒன்று உண்டு. வீட்டில் கிடைத்த குறிப்பேடுகளோடு தனித்திருந்து துயருறும் ஒருவரையே இந்நூலிற் காண்கிறோம். அவரைத் தாங்கும் சபையின் கரம் அரிதாகவே தென்படுகிறது. திருமறையிலோ புலம்பல் சபையின் வழிபாட்டுக்கு உரியது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. எனினும் அது கோராகின் புத்திரர் பாட்டாகவே வைக்கப்பட்டுள்ளது. அதன் முறையீடு முழுவதும் கர்த்தரை நோக்கியே எழுகிறது. லூயிஸும், பெரும்பாலான பக்கங்களில் தேவனைக் குறித்துப் பேசியபோதிலும், இறுதிப் பகுதியில் ஆண்டவரை நோக்கியே தம் வினாவைத் தொடுக்கிறார். விடை கிடைக்கவில்லை; உறவோ அறுபடவில்லை. ஏமாற்றத்திலும் விசுவாசத்தைப் பற்றிக்கொள்ளுதல் என்பது இதுவே என நாம் கருதுகிறோம்.

துக்க வீட்டிற்குச் செல்லும் நாம் எத்தனை முறை, ‘தேவ சித்தம்’ என்னும் ஒரு சொல்லால் அழுவோரின் வாயை அடைத்திருக்கிறோம்! யோபுவின் நண்பர்கள் தேவனுக்காக வாதாடினர். தேவனோ யோபுவின் பேச்சையே ஏற்றுக்கொண்டார். இறையியல் மாணவர் இவ்விரு நூல்களையும் ஒருங்கே பயிலுதல் நன்று. அடுத்த அடக்க ஆராதனையில், ரோமர் 8-ஆம் அதிகாரத்தை வாசிக்குமுன் சங்கீதம் 88-ஐ வாசிக்க நாம் துணிவோமாக.