கரும்புத் தோட்டத்தில் கேட்ட குரலும் கேளாத குரலும்

பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலை நாம் உருகிப் பாடிய அளவிற்கு ஆராய்ந்து பார்த்ததில்லை. பாடுவோர் குரல் தழுதழுக்கும். கேட்போர் கண் கலங்கும். பிஜித் தீவில் நம் பெண்கள் பட்ட துயருக்கு வெள்ளையரின் நிறவெறியே காரணம் என்று ஒரு வரியில் விளக்கமும் தந்துவிடுவர். அந்த நிறவெறி எங்கிருந்து வந்தது என்று வினவினாலன்றி இப்பாடலின் பெருமையும் விளங்காது, குறையும் விளங்காது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834இல் நடைமுறைக்கு வந்தது. அடிமை முறை ஒழிந்தது. சர்க்கரையின் தேவை ஒழியவில்லை. அதே 1834இல் மொரீஷியசுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் செல்லலாயினர். பிஜிக்கு முதற்கப்பல் 1879இல் கல்கத்தாவிலிருந்து சென்றது. சென்னையிலிருந்து 1903 முதல் ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1916இல் ஆள் அனுப்புதல் நிற்பதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் அத்தீவை அடைந்திருந்தனர்.

டிரினிடாட் வரலாற்றறிஞர் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் அடிமைத்தனமும்' என்னும் நூலில், அடிமை முறை நிறவெறியின் விளைவன்று, நிறவெறியே அடிமை முறையின் விளைவு என்று வாதிட்டார். இக்கருத்தை மறுப்போரும் உளர். எனினும் பிஜியின் வரலாறு அதற்குச் சான்று பகர்வதாகவே தோன்றுகிறது. 'கூலி' என்னும் சொல்லையே காண்க. நம் மொழியில் அது உழைப்பிற்குத் தரும் ஊதியம். தோட்ட முதலாளிகளின் வாயில் அதுவே மனிதனின் பெயராகி, பின் இந்தியர் அனைவரையும் இழித்துரைக்கும் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். தொழில் முதலில் வந்தது. இழிவு அதன் பின்னே வந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கப்பலில் ஏற்றுவதற்கு வகுத்த விதி. தோட்டக் குடியிருப்புகளில் குடும்ப வாழ்வு குலைந்து, பூசலும் கொலையும் தற்கொலையும் மலிந்தபோது, அதிகாரிகள் இவ்விதியைக் குறை கூறாமல் பெண்களின் ஒழுக்கத்தைக் குறை கூறினர். கணக்கில் செய்த கொடுமை, பிறப்பில் அமைந்த குற்றமாகக் கோப்பில் ஏறியது. நிறவெறி வேரூன்றும் முறை இதுவே.

இப்பின்னணியில் நோக்கினால் பாரதியாரின் பெருமை புலப்படும். கப்பல் ஏட்டில் அப்பெண்கள் வெறும் எண்கள். கவிஞரோ, அவர்கள் அழுகுரலைக் கேட்டாயோ என்று காற்றை வினவுகிறார். தாய்நாட்டையும் வீட்டையும் நினைந்து ஏங்கும் நெஞ்சம் அவர்களுக்கு உண்டு என்கிறார். எண்ணாகக் குறைக்கப்பட்டவரை மீண்டும் மனிதராக்கியது அக்கவிதை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. இப்பாடலில் பெண்கள் அழுகின்றனர், பேசவில்லை. முடிவில் கவிஞர் காளியைக் கூவி அழைக்கிறார். ஆனால், ஐக்கிய மாகாணத்தின் எளிய குடியொன்றிலிருந்து பிஜிக்குச் சென்ற குந்தி என்னும் பெண், 1912இல் தன்னைப் பற்ற வந்த மேற்பார்வையாளனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள். சிறுவன் ஒருவன் படகில் வந்து காப்பாற்றினான். அவளது வாக்குமூலம் 1913இல் 'பாரத மித்திரன்' என்னும் இந்தி இதழில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. 1915இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் பிஜி சென்று உண்மையறிந்தனர். 1916இல் மாளவியா சட்ட மன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920இன் தொடக்கத்தில் ரத்தாயின. இம்மாற்றத்திற்கு வழி திறந்தவர்களுள் குந்தியும் ஒருத்தி. இரக்கம் உயர்ந்த பண்புதான். ஆனால் இரங்கப்படுபவர் எதிர்த்தும் நின்றார் என்பதை மறந்த இரக்கம் பாதி உண்மையே.

மற்றொன்றும் நினைவிற்குரியது. பொய் சொல்லி ஆள் பிடித்த தரகர்கள் நம் நாட்டவரே. இன்ன பிறப்பினர்க்கு இன்ன தொழில் என்னும் எண்ணமும் வெள்ளையர் கப்பலில் வந்ததன்று. ஆதலின் இப்பாடலைக் கேட்டு அயலாரைச் சினப்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. இனி நம் சங்க விழாக்களில் இப்பாடலைப் பாடும்போது, குந்தியின் வரலாற்றையும் உடன் சொல்வோமாக.