தாளத்தின் ஆசிரியர் யார்?
ஆபிரிக்க-பிரேசில் இசைமரபும் உலகக் கலைஞர் உறவும்

இசைக்கு எல்லைகள் இல்லை என்பது கலை பற்றிய உரையாடல்களிற் பெரிதும் எடுத்தாளப்படும் கூற்றாகும். வெவ்வேறு நாட்டுக் கலைஞர் சந்திக்கும்போது புதிய கலை பிறக்கிறது என்பதும், அச்சந்திப்பு மானிட ஒருமைப்பாட்டுக்குத் துணைசெய்கிறது என்பதும் அக்கூற்றின் உட்கிடையாகும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், எல்லையைக் கடந்து செல்லும் இசையோடு அதனைப் படைத்தவரின் பெயரும் கடந்து செல்கிறதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு ஆபிரிக்க-பிரேசில் இசைமரபின் வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது.

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 48 இலட்சம் ஆபிரிக்கர் அடிமைகளாகப் பிரேசிலிற் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களின் வேறெந்த நாட்டுக்கும் இத்துணைப் பெருந்தொகையினர் கொண்டுசெல்லப்படவில்லை. அடிமை முறை அங்கு சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13ஆந் திகதியிலேயே. கரும்புத் தோட்டங்களிலும் பொன் சுரங்கங்களிலும் கோப்பித் தோட்டங்களிலும் உழைத்து மடிந்த அம்மக்கள் உடைமை எதனையும் உடன் கொண்டுவர இயலாதவராயினர். ஆனால் தெய்வங்களின் பெயர்களையும், அத்தெய்வங்களை அழைப்பதற்குரிய தாளங்களையும் அவர்கள் நினைவிற் கொண்டுவந்தனர். பாஹியா மாநிலத்தின் தலைநகரான சல்வடோரில் வேரூன்றிய கண்டொம்பிளே வழிபாடு இந்நினைவின் நிறுவன வடிவமாகும்.

கண்டொம்பிளே வழிபாட்டில் அத்தபாக்கே எனப்படும் மூன்று முழவுகள் இடம்பெறுகின்றன. அவற்றுட் பெரியது றூம், இடைப்பட்டது றும்பி, சிறியது லே. அகோகோ என்னும் இரும்பு மணி மாறாத ஒரு தாளக்கோலத்தை விடாது ஒலிக்க, சிறிய முழவுகள் இரண்டும் தத்தமக்குரிய கோலங்களைப் பற்றி நிற்கும். ஆழ்ந்த குரலுடைய றூமோ அக்கட்டுக்குள் நின்றுகொண்டே ஆடுவோரின் அசைவுக்கேற்பப் பேசும், ஆட்டத்தை நெறிப்படுத்தும். ஐரோப்பிய இசையிற் பெரும்பாலும் உயர்ந்த குரலே தலைமை தாங்கக் கீழ்க்குரல் அடித்தளமாக நிற்கும். இங்கு அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. முழவுத் தலைவனான அலபே, எத்தெய்வத்துக்கு எத்தாளம், எப்பாடலுக்கு எந்த நடை என்பவற்றையெல்லாம் பல்லாண்டுப் பயிற்சியாற் கற்றவன். கேத்து மரபினர் முழவைக் கோல்களால் முழக்குவதும், அங்கோலா மரபினர் வெறுங்கையால் முழக்குவதும் இக்கல்வியின் நுட்ப வேறுபாடுகளைக் காட்டுவன.

இவ்விவரங்கள் ஒரு காரணம் பற்றியே ஈண்டு எடுத்துரைக்கப்பட்டன. கறுப்பின மக்களின் தாளம் அவர்தம் குருதியில் ஊறியது, கற்காமலே வருவது, உணர்ச்சியின் பாற்பட்டது என்ற எண்ணம் வெளியார் எழுத்துக்களில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. புகழ்ச்சி போலத் தோன்றும் இவ்வெண்ணம் உண்மையில் ஒரு பறிப்பாகும். இயற்கையாகக் கிடைக்கும் பொருளுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம். தாளத்தை அறிவாகக் கொள்ள மறுத்தமையே அதனைப் படைத்தோரின் உரிமையை மறுப்பதற்கு வழிசெய்தது.

முதலில் வந்தது புகழ்ச்சியன்று, தடையே. அடிமை முறை ஒழிந்து இரண்டே ஆண்டுகளில், 1890ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டம் கப்போய்ரா ஆட்டத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. வழிபாட்டு இல்லங்கள் பொலிசாராற் சூறையாடப்பட்டன; முழவுகளும் புனிதப் பொருள்களும் கைப்பற்றப்பட்டன. பாஹியாவிற் கண்டொம்பிளே இல்லங்கள் பொலிசாரிடம் பதிவுசெய்து அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1976 வரை நீடித்தது. றியோ டி ஜனெய்ரோவிற் பொலிசார் கைப்பற்றி வைத்திருந்த 519 பொருள்கள் 2020ஆம் ஆண்டிலேயே குடியரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. குற்றச் சான்றாகப் பூட்டிவைக்கப்பட்டவை பண்பாட்டுச் செல்வமாக ஏற்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

தடையின் காலத்திலேயே சம்பா பிறந்தது. பாஹியாவிலிருந்து றியோவுக்குக் குடிபெயர்ந்த பெண்கள் தம் வீடுகளை வழிபாட்டுக்கும் விருந்துக்கும் இசைக்கும் உரிய கூடங்களாக்கினர். அவர்களுட் புகழ்பெற்றவர் தின்பண்டம் விற்று வாழ்ந்த தியா சியாத்தா (1854-1924). அவரது வீட்டில் ஒருவர் ஓரடி எடுக்க மற்றவர் மறுவடி தொடுக்க, பலர் கூடிக் கைதட்டிப் பாடல்கள் உருவாயின. அக்கூட்டத்தவருள் ஒருவரான டொங்கா, "பெலோ தெலெபோனே" என்னும் பாடலை 1916இல் தேசிய நூலகத்தில் தம் பெயரிற் பதிவுசெய்தார். இசைத்தட்டாக வெளிவந்து 1917ஆம் ஆண்டுக் களியாட்ட விழாவிற் பெரும் வெற்றி பெற்ற அப்பாடலுக்கு ஏனையோரும் உரிமை கோரினர். பூசல் மூண்டது.

இப்பூசலை ஒரு தனிமனிதரின் பேராசையாகக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். இசைத்தட்டு வணிகம் பாடலை ஒரு பண்டமாக்கியபோது பண்டத்துக்கு உரிமையாளர் ஒருவர் தேவைப்பட்டார். சட்டம் அறிந்திருந்த உரிமை மெட்டுக்கும் பாடல் வரிக்கும் உரியது. தாளத்துக்கும், கூடிப் பாடும் முறைக்கும், எதிர்ப்பாட்டுக்கும் அதன் ஏட்டில் இடமில்லை. ஆகவே ஆபிரிக்க மரபு எதனைத் தன் மையமாகக் கொண்டிருந்ததோ, அதுவே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. டொங்கா பதிவுசெய்திராவிடின், வேறொருவர், பெரும்பாலும் அச்சூழலுக்குப் புறம்பான ஒருவர், அதனைச் செய்திருக்கக் கூடும் என்பதும் மறக்கற்பாலதன்று.

உலகக் கலைஞர் சந்திப்பின் முதற் பெரும் சான்றுகளுள் ஒன்று 1940இல் நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நல்லயலவர் கொள்கை நடைமுறையிலிருந்த காலம் அது. இசை நெறியாளர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி தம் இளைஞர் இசைக்குழுவுடன் "உருகுவாய்" என்னும் கப்பலில் றியோவுக்கு வந்தார். நாட்டின் உண்மையான மக்களிசையைப் பதிவுசெய்ய விரும்பிய அவருக்குப் பிரேசிலின் பெரும் இசையமைப்பாளரான வில்லா-லோபோஸ் கலைஞர்களைத் திரட்டிக் கொடுத்தார். பிஷிங்கின்யா, டொங்கா, ஜோவாவோ தா பாயானா, கார்த்தோலா முதலியோர் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குட் பாடி இசைத்தனர். அவற்றுள் ஒரு பகுதி 1942இல் ஐக்கிய அமெரிக்காவில் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. பிரேசில் மக்கள் அவற்றை நீள்தட்டாகக் கேட்பதற்கு 1987 வரை காத்திருந்தனர்.

சந்திப்பு நிகழ்ந்தது மெய்; சந்திப்பின் பின் நிகழ்ந்தது யாது? கப்பல் தன் வழி சென்றது. அதிற் பாடிய கார்த்தோலா, மங்கெய்ரா சம்பாப் பள்ளியை நிறுவியோருள் ஒருவராக இருந்தும், சில ஆண்டுகளில் இசையுலகின் பார்வையிலிருந்து மறைந்துபோனார். 1950களின் நடுப்பகுதியில் ஒரு பத்திரிகையாளர் அவரைத் தற்செயலாகக் கண்டபோது அவர் கார் கழுவும் தொழிலாளியாக இருந்தார். அவரது முதலாவது தனி நீள்தட்டு 1974இல், அவரது 65ஆவது வயதிலேயே வெளிவந்தது. ஸ்டொகோவ்ஸ்கி அவ்விசையை இகழ்ந்தவரல்லர், விரும்பியே தேடிவந்தார். விருப்பம் மட்டும் போதாது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். பதிவுக்கருவியும் தெரிவும் விநியோகமும் ஒரு பக்கத்தாரின் கையில் இருக்க, குரல் மட்டும் மறுபக்கத்தாருடையதாயின் அந்த உறவு சமமானதாகாது.

இதனைக் கண்டு, மரபிசை வெளித்தொடர்பின்றித் தூய்மையாகப் பேணப்படவேண்டும் எனச் சிலர் வாதிடக்கூடும். அவ்வாதம் வரலாற்றுக்குப் பொருந்தாது. கண்டொம்பிளே தானே யொரூபா, போன், பாந்து முதலிய பல்வேறு இனத்தாரின் மரபுகள் அடிமைத்தளையில் அருகருகே நின்று உருப்பெற்ற வழிபாடாகும். பிஷிங்கின்யாவின் குழு 1922இல் பாரிஸ் சென்று மீண்டபோது புதிய இசைக்கருவிகளையும் உடன் கொண்டுவந்தது. இத்தகைய கலப்பை நீக்கிப் பார்த்தால் இம்மரபில் எஞ்சுவது சிறிதே. கலப்பு யாருடைய விருப்பின்படி, யாருடைய தேவைக்காக நிகழ்கிறது என்பதே நோக்கற்பாலது.

1974இல் சல்வடோரின் லிபெர்தாதே பகுதியில் இலே அயே என்னும் களியாட்டக் குழு தோன்றியது. கறுப்பின மக்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்டு 1975இல் அது வீதிக்கு வந்தபோது, அதனை இனவாதக் குழு எனப் பத்திரிகை சாடிற்று. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின எழுச்சியும், விடுதலை பெற்றுவந்த ஆபிரிக்க நாடுகளின் செய்தியும் அக்குழுவினருக்கு ஊக்கமளித்தன. 1977இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடைபெற்ற உலகக் கறுப்பின, ஆபிரிக்கக் கலைவிழாவுக்குச் சென்று திரும்பிய பாடகர் ஜில்பேர்ட்டோ ஜில், அதே ஆண்டில் "றெபவேலா" என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். லாகோசின் குடியிருப்புகள் அவருக்குப் பிரேசிலின் சேரிகளை நினைவூட்டின. இலே அயேயின் முதல் அணிவகுப்புப் பாடலையும் அவர் அத்தட்டிற் சேர்த்துக்கொண்டார். அயற்பகுதியொன்றின் வீதிப்பாடல் அதன் அரசியல் இழக்கப்படாமலே நாடெங்கும் கேட்டது. இங்கு சந்தித்தவர்கள் ஒரே வரலாற்றின் இரு கரைகளில் நின்றவர்கள். அடிமைக் கப்பல் பிரித்தவரை இசை மீண்டும் இணைத்தது எனலாம்.

1979இல் தோன்றிய ஓலோடும் குழுவின் வரலாறு இதனிலும் சிக்கலானது. அதன் முழவு நெறியாளர் நெகின்யோ டோ சம்பா, சம்பாத் தாளத்தையும் யமெய்க்காவின் றெகே இசையையும் இணைத்துச் சம்பா-றெகே என்னும் வடிவத்தை வளர்த்தெடுத்தார். அமெரிக்கப் பாடகர் போல் சைமன் 1990இல் வெளியிட்ட "த றிதம் ஒஃப் த செயின்ற்ஸ்" என்னும் இசைத்தட்டின் முதற்பாடல் ஓலோடும் முழவுகளோடு தொடங்குகிறது. முழவொலியை முதலிற் பதிவுசெய்து, பின்னர் அதன்மீது மெட்டையும் வரிகளையும் அமைத்தமை சைமன் அத்தட்டிற் கையாண்ட முறை. ஓலோடும் பெயர் தட்டில் இடம்பெற்றது. ஆனால் அப்பாடலின் ஆசிரியர் சைமன் ஒருவரே. 1916இல் எழுந்த வினா 1990இலும் தீராது நின்றது. முழவு முதலிலும் மெட்டுப் பின்னரும் வந்த பாடலிற்கூட, முழவு துணையாகவும் மெட்டு ஆக்கமாகவும் கொள்ளப்பட்டது.

எனினும் இதனை வெறும் சுரண்டல் எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1991இல் நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் சைமனோடு ஓலோடும் கலைஞர் மேடையேறினர். 1996இல் மைக்கல் ஜக்சன் தம் பாடற்படமொன்றுக்காகப் பெலோரின்யோ சதுக்கத்துக்கு வந்து அவர்களிடையே ஆடினார். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூணின் பெயரைத் தாங்கிய அச்சதுக்கத்தில் அவர்தம் வழித்தோன்றல்கள் உலகின் முன் முழவு முழக்கினர். கிடைத்த புகழை ஓலோடும் தன் பகுதியின் சிறுவர்க்கான பாடசாலையை வளர்க்கப் பயன்படுத்திற்று. நெகின்யோ 1993இற் பெண்கள் முழவுக் குழுவான டிடாவை நிறுவினார். மறுபுறம், 1990களிற் பெலோரின்யோ புதுப்பிக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்த வறிய குடும்பங்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டன. முழவைக் காண உல்லாசப் பயணிகள் வந்தனர். முழவின் அயலவர் சென்றனர். இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே திறனாய்வின் கடன்.

சமமான உறவு எவ்வாறு அமையலாம் என்பதற்கு, 2006இல் லெத்தியேரிஸ் லெய்த்தி சல்வடோரில் நிறுவிய றும்பிலெஸ் இசைக்குழு ஒரு விடையாகும். கண்டொம்பிளேயின் மூன்று முழவுகளின் பெயரும் ஜாஸ் என்னும் சொல்லின் ஈறும் சேர்ந்தது அப்பெயர். குழல் இசைக்கருவிகள் பல இருந்தும் அக்குழுவின் மையத்தில் இருப்போர் முழவுக் கலைஞரே. அவர்கள் விழாவுக்குரிய வெண்ணிற உடையில் முன்னே அமர, குழலிசைப்போர் சாதாரண உடையிற் பின்னே நின்றனர். முழவின் தாளக்கோலத்திலிருந்தே ஏனைய கருவிகளுக்கான இசை எழுதப்பட்டது. பாஹியாத் தாளம் கட்டமைப்புடைய அறிவு, கற்பிக்கத்தக்கது, கற்கவேண்டியது என்று லெய்த்தி தாம் மறைந்த 2021 வரை வலியுறுத்தினார். இங்கும் ஜாஸ் உண்டு, வெளிநாட்டுத் தொடர்பு உண்டு. ஆனால் விருந்தாளி எவர், வீட்டுக்காரர் எவர் என்பதில் ஐயமில்லை.

இவ்வாராய்ச்சி இலங்கையருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. போர்த்துக்கேயர் முதலிய காலனித்துவவாதிகள் ஆபிரிக்கரை இத்தீவுக்கும் கொண்டுவந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் புத்தளம் மாவட்டத்தின் சிறாம்பியடியில் மன்ஜாப் பாடல்களை இன்றும் பாடுகின்றனர். நாடெங்கும் ஆடப்படும் பைலாவைக் கேட்டு மகிழ்வோருள், அதன் தோற்றத்தில் இம்மக்களுக்குள்ள பங்கினை எண்ணுவோர் எத்தனை பேர்?

கலைஞர் உலகெங்கும் இணையவேண்டும் என்பதில் மாறுபாட்டுக்கு இடமில்லை. அவ்விணைப்பின் அளவுகோல் எத்தனை நாட்டார் ஒரு மேடையில் நின்றனர் என்பதாக இருத்தலாகாது. முழவு முழக்கியவர் ஆசிரியராக ஏற்கப்பட்டாரா, பயன் அவரது தெருவுக்கு மீண்டதா, அடுத்த தலைமுறை அவரிடமிருந்து கற்க வழி பிறந்ததா என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். இவற்றுக்கு விடை கிடைக்காதவரை, எல்லையற்ற இசை என்ற கூற்றுக்குள் ஓர் எல்லை மறைந்தே இருக்கும்.