‘சோலைமலை இளவரசி’யும் பொன்னம்மாளும்

கல்கியின் புகழுக்கு நிலைக்களமாய் அமைந்தவை ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ முதலாய பெருநவீனங்களே. அவற்றின் நிழலில் ஒதுங்கிக் கிடப்பது ‘சோலைமலை இளவரசி’ என்னும் சிறு நவீனம். இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. வரலாற்று நவீனம் என்பதற்கு இதில் வரலாறு குறைவு. சமூக நவீனம் என்பதற்குக் கனவு மிகுதி. பாழடைந்த கோட்டை, முற்பிறப்பு நினைவு, தூக்குக்கயிறு, பிரிவு ஆகியவற்றால் இயன்ற இருள்படிந்த காதற் கற்பனை என்பதே இதற்கு ஏற்ற பெயராகும். பலமுறை படித்தும் இந்நூலை முழுமனத்துடன் புகழவும் என்னால் இயலவில்லை, ஒதுக்கிவிடவும் இயலவில்லை.

கதை சுருக்கமானது. 1942 ஓகஸ்ட் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் என்னும் இளைஞன், பொலிசாருக்குத் தப்பிச் சோலைமலையின் இடிந்த கோட்டையில் ஒளிகின்றான். ஊர் மணியக்காரரின் மகள் பொன்னம்மாள் அவனுக்குத் துணையாகின்றாள். அவனுக்கோ அவ்விடிபாடுகளிடையே வேறொரு காலம் புலனாகின்றது. ஆங்கிலேயரை எதிர்த்த மாறனேந்தல் மன்னன் உலகநாதத் தேவனும், அதே கோட்டையில் அவனுக்குப் புகல் தந்த இளவரசி மாணிக்கவல்லியும் கனவில் உலாவுகின்றனர். அம்மன்னன் தானே, அவ்விளவரசி பொன்னம்மாளே என்னும் எண்ணம் அவனைப் பற்றிக்கொள்கின்றது. அன்றைய காதலுக்கு முடிவு தூக்குக்கயிறு. இன்றைய காதலின் மீதும் அக்கயிற்றின் நிழல் விழுகின்றது. நாட்டுக்கு விடுதலை வருகின்றது; இக்காதலருக்கு அது இன்பம் தரவில்லை.

கனவையும் நனவையும் இணைத்துத் தைக்கும் திறத்திலே கல்கிக்கு நிகரானவரைக் காண்டல் அரிது. இடிந்த சுவர் எப்பொழுது அரண்மனையாயிற்று, கிராமத்துப் பெண்ணின் குரல் எப்பொழுது இளவரசியின் குரலாயிற்று என்று நாம் அறியுமுன்னரே மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. மாயமந்திரம் எதனையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. களைத்த உடல், பசி, அச்சம், தனிமை ஆகிய இவையே கனவுக்குப் போதுமான காரணங்கள். முற்பிறப்பு உண்மையா, உள்ளத்தின் மயக்கமா என்பதை வாசகர் தத்தம் விருப்பப்படி கொள்ளலாம். இடையிடையே வழக்கமான நகைச்சுவைப் பேச்சால் ஆசிரியர் அவ்விருளைச் சற்றுக் கலைத்துவிடுகின்றார். அது அவரது பழக்கம், பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள இயலாதது பிறிதொன்று. குமாரலிங்கம் காதலிப்பது பொன்னம்மாளையா, அவளிடத்தே தான் கண்ட மாணிக்கவல்லியையா? தலையாரியும் பொலிசாரும் உலவும் ஊரில், தந்தைக்கு அஞ்சி, பழிக்கு அஞ்சி, ஓர் அந்நியனுக்கு உதவியவள் பொன்னம்மாள். அத்துணிவு அவளுக்கே உரியது. அதனைப் பண்டை இளவரசியின் எதிரொலியாக்கும்போது, உயிருள்ள பெண் ஒருத்தியின் சொந்தச் செயல் அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றது. றைடர் ஹகாட் எழுதிய ‘ஷீ’ என்னும் ஆங்கில நவீனம் (1887) இவ்வகையில் நினைவுக்கு வருகின்றது. ஈராயிரம் ஆண்டுகள் காதலனின் மறுபிறப்புக்குக் காத்திருந்த அயிஷா, அவனை இப்பிறப்பில் நேசித்த உஸ்தேன் என்னும் பெண்ணைத் தன் ஆற்றலாற் கொன்றுவிடுகின்றாள். கல்கியிடம் அக்கொடுமை இல்லை. எனினும் முற்பிறப்புக் காதலுக்கு இப்பிறப்புப் பெண் பலியாதல் இரண்டிலும் ஒன்றே.

நம் பழைய காவியம் ஒன்று இவ்விடயத்தில் நவீனத்தினும் புதுமையானது. மணிபல்லவத்தில் முற்பிறப்பை உணர்ந்த மணிமேகலை, தன்னைத் தொடரும் உதயகுமரன் அப்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்று அறிகின்றாள். அறிந்தும் அவள் பழைய உறவுக்குள் திரும்பவில்லை. அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரிடம் செல்கின்றாள். சாத்தனாருக்கு முற்பிறப்பு நினைவு தளையறுக்கும் கருவி. கல்கிக்கோ அதுவே தளை.

கல்கி வெறுங் கனவுகாரர் அல்லர். 1922இலேயே சிறை சென்றவர். 1942இல் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். குலசேகரன்பட்டின வழக்கிலே காசிராஜன், இராஜகோபாலன் இருவரும் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டுப் பின்னர் விடுதலையாயினர். இவ்வாறு கற்பனையை விஞ்சிய நிகழ்ச்சிகள் கண்ணெதிரே இருக்க, போராடியவனின் செயலுக்கு முன்வினைத் தொடர்ச்சி எதற்கு? தானே தேர்ந்து தூக்குமேடை வரை செல்பவனின் பெருமை, விதி அவனை இழுத்துச் சென்றது என்று கூறுமிடத்துக் குறைந்துவிடுகின்றது.

வன்னியில் வாழ்வோருக்கு இக்கதை தொலைவானதன்று. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனைப் பற்றிய வாய்மொழிக் கதைகளிலும் குருவிச்சி நாச்சியாரின் காதல் உண்டு, காக்கை வன்னியனின் காழ்ப்பும் உண்டு. வீழ்ந்த வீரனுக்கு ஒரு காதலியைச் சேர்த்துப் பார்க்காமல் மக்கள் மனம் அமைதியடைவதில்லை போலும். ஆயின் அக்காதலி காத்திருந்த நாள்களைக் கதைகள் எண்ணுவதில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் அமர்ந்திருந்த காட்சியைக் கண்டவர்கள், காத்திருத்தலை இளவரசியின் உப்பரிகையோடு மட்டும் சேர்த்து எண்ண மாட்டார்கள். அது பாய், தண்ணீர்ப் போத்தல், சட்டமிட்ட நிழற்படம், வெயில் என்பவற்றோடு கூடியது.

குமாரலிங்கம் பிடிபட்ட பின்னரும் கதை பெரும்பாலும் அவனையே பின்தொடர்கின்றது. அக்காலமெல்லாம் பொன்னம்மாள் யாரிடம் பேசினாள், தந்தை என்ன சொன்னார், ஊரார் அவளை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பவற்றுக்குத் தனியே ஓர் அதிகாரம் கல்கி ஒதுக்கியிருப்பின், மாணிக்கவல்லியின் அதிகாரங்களுள் இரண்டினை யான் மனமுவந்து விட்டுக்கொடுத்திருப்பேன்.