பொருளுக்கு நன்றி, கைக்கு?

காலையில் எழுந்ததும் குழாய்க்கு நன்றி சொல், விசிறிக்கு நன்றி சொல், அடுப்புக்கு நன்றி சொல் என்று போதிக்கிற எழுத்து இப்போது பெருகிக் கிடக்கிறது. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றி என்ற சொல் நம் தெருவுக்கு இதமான சொல்லாக வந்து சேரவில்லை. 'உப்பைத் தின்னுட்டு எதுத்துப் பேசுறியா' என்ற அதட்டலாகத்தான் வந்தது. கூலியைக் கூழாக ஊற்றிவிட்டு அதற்கு விசுவாசமும் கேட்டார்கள். ஆகவே இந்தப் போதனையை நாம் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது.

தலித் எழுத்தில் பொருள்கள் எப்படி வருகின்றன? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் அவர் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். தண்ணீர், ஏந்திய கையில் உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்தது. தலைப்பின் பொருளே எச்சில் சோறுதான். கல்யாண வீட்டில் அவமானப்பட்ட தாய், எச்சில் நிறைந்த கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு வருகிறாள். பிறகு அந்த வாசலுக்கு அவள் போகவே இல்லை. நூல், தண்ணீர், கூடை எல்லாமே அன்றாடப் பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு தூரம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. நன்றி எழுத்து இந்தத் தூரத்தைப் பார்ப்பதில்லை. பொருளைத் தனியே எடுத்துத் துடைத்து வைத்து, அதைச் செய்த கையையும் சுத்தம் செய்த கையையும் கதைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு இலவசத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த மிக்சியில் தலைவரின் படமும் இருந்தது. 'ஓசியில வாங்குனதுக்கு நன்றி வேணாமா' என்று வசதியுள்ளவர்கள் கேட்டார்கள். அம்மா சொன்னது இது: "ஊர்க்காரங்க களத்துல முறம் புடிச்சே என் கை காய்ச்சுப் போச்சு. அப்ப எனக்கு எவன்டா நன்றி சொன்னான்?"

அதே அம்மா ஆயுத பூசை அன்று அரிவாளையும் மண்வெட்டியையும் முறத்தையும் கழுவிப் பொட்டு வைப்பாள். பொரியைத் தூவிவிட்டு முறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இதுவும் நன்றிதான். முறத்தின் கனம் அவளுக்குத் தெரியும். அது அவளோடு உழைத்தது. கொடுத்தவனுக்கு வாங்கியவள் போடுகிற கும்பிடு இல்லை அது, கூட்டாளிக்குச் செய்கிற மரியாதை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் மோசடி இருக்கிறது.

இன்னொரு வசதியை எடுத்துக்கொள்வோம், கக்கூஸ். பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடுகிறது. எங்கே போகிறது? ஒரு தொட்டிக்கு, ஒரு சாக்கடைக்கு. அங்கே இறங்குகிறவன் யார், அவன் சாதி எது என்று கேட்டால் நன்றி எழுத்து வாயை மூடிக்கொள்ளும். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

நன்றி கெட்டவர்களாக இருங்கள் என்று நான் சொல்லவில்லை. குழாயைத் திறக்கும்போது மனசு குளிர்ந்தால் குளிரட்டும். ஆனால் குழாய்க்குக் காது கிடையாது. அதற்குச் சொல்கிற நன்றிக்கு ஒரு காசும் செலவில்லை. கைக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்குக் கூலி உண்டு, எந்திரம் உண்டு, சம மரியாதை உண்டு. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் பொருளைக் கும்பிடுகிறவன், கடன்காரனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பூசை செய்கிறவன்தான்.