கிராசிங்கில் நிற்கும் விமானம்

கடலூர், சிதம்பரம் பக்கத்து ரயில் பயணிக்குத் தாமதத்தின் இலக்கணம் அத்துப்படி. விழுப்புரம்–மயிலாடுதுறை ஒற்றைப் பாதை. சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றால் "கிராசிங்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எதிர்வண்டி ஏன் பிந்தியது? அதுவும் எங்கோ ஒரு கிராசிங்கில் நின்றிருக்கும். முதல் காரணம் யாருக்கும் தெரியாமலே வண்டி நகர்ந்துவிடும்.

விமானத் தாமதத்தைப் படம் போட்டு விளக்கும் வழக்கத்திலும் இதே கதைதான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் மாத அறிக்கையில் தாமதக் காரணங்கள் சதவீதத் துண்டுகளாக வரும்: வானிலை, தொழில்நுட்பக் கோளாறு, விமான நிலையம், பயணி. பெரும்பாலும் இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது 'தொடர் தாமதம்' என்ற துண்டு. முந்தைய பயணத்திலிருந்து விமானம் பிந்தி வந்தது, அதனால் இதுவும் பிந்தியது என்று பொருள். சர்வதேசக் குறியீட்டில் 93. என்னைக் கேட்டால் இது காரணமே அல்ல, காரணத்தின் பழைய பாக்கி. காலையில் டெல்லியில் மூடுபனி. அதே விமானம் மாலையில் சென்னைக்கு வரும்போது பனி கணக்கிலிருந்து கரைந்து, 93 மட்டும் மிஞ்சுகிறது.

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கா 1987 அக்டோபர் முதல் தன் பெரிய நிறுவனங்களின் உள்நாட்டுப் பயணங்களை விமானவாரியாகப் பொதுவில் வைத்திருக்கிறது. 2009இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் அதிலிருந்து சுமார் 12 கோடி பதிவுகளைக் கொடுத்து வரைபடப் போட்டியே நடத்தியது. புறப்படும் மணிவாரியாகக் கோடு போட்டால், விடியலில் தாழ்ந்திருக்கும் தாமதம் மாலைக்குள் மேலேறுவது தெரியும். எண்களின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இது கண்ணில் படாது.

இன்னும் நல்ல படம் ரயில்வேயிடமே இருக்கிறது. ஒருபுறம் நேரம், மறுபுறம் ஊர்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. பாரிஸ்–லியான் ரயில்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வரைந்தார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே கிராசிங். ஒரு விமானத்தின் ஒருநாள் ஓட்டத்தை இப்படிப் போட்டால் 93இன் பூட்டு திறந்துவிடும்.

சராசரிதான் பெரிய ஆபத்து. 1991 ஜூனில் ஐந்து விமான நிலையங்களில் ஒவ்வொன்றிலும் அலாஸ்கா ஏர்லைன்ஸ், அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்தைவிடக் குறைவாகவே பிந்தியது. கூட்டிப் பார்த்தால் பிந்திய பயணங்கள் அலாஸ்காவுக்கு 13.3 சதவீதம், மற்றதற்கு 10.9. காரணம் எளிது: அலாஸ்காவின் பயணங்களில் பாதிக்கு மேல் மழை கொட்டும் சியாட்டிலில், மற்றதன் பயணங்கள் பெரும்பாலும் வெயிலடிக்கும் ஃபீனிக்ஸில். கூட்டுத் தொகைக்கு மட்டும் இரண்டு பட்டை வரைந்தவர் நல்ல நிறுவனத்தைக் குற்றவாளியாக்கியிருப்பார்.

வராத விமானம் தாமதப் படத்தில் இல்லவே இல்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய 2024 நவம்பர் 30 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அன்று ரத்தானவை தனிக் கணக்கு. தாமதக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்குப் புயல் வந்ததே தெரியாது.

டிஜிசிஏ படத்துக்கு இன்னும் வண்ணம் பூச வேண்டாம். மாதச் சதவீதத்தோடு நிறுத்தாமல் விமானவாரிப் பதிவுகளைக் கொடுக்கட்டும். மீதியைச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் மாணவர்களே வரைந்துவிடுவார்கள்.