ஈரத் தோலுக்கு ஒரு மில்லி விநாடி

தொடுகையின் நுட்பத்தைப் பற்றிப் புதுக்கோட்டையில் பேச்செடுத்தால் அது கஞ்சிராவில் போய் நிற்பதுதான் நியாயம். அவ்வூர் மாமுண்டியா பிள்ளை கச்சேரி மேடையேற்றிய வாத்தியம். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்தோடு இதையும் ஆண்டவர். பலாமர வளையம், உடும்புத் தோல், ஓரத் துளையில் காசுகள், அவ்வளவுதான். உட்பக்கம் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்திவிட்டு, பிடித்திருக்கும் கையின் விரல்களால் ஓரத்தை அழுத்தினால் கும்கி என்னும் நாதம் வழுக்கிக்கொண்டு வரும்.

மென்மையான பொருட்களைத் தொட்டுணர வைக்கும் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஈரத் தோலைத்தான் நான் உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். கண் இரக்கமுள்ளது. விநாடிக்கு அறுபது படம் காட்டினால் நம்பிவிடும். விரல் அப்படியல்ல. தொடுகையை விரலுக்கு உணர்த்தும் விசைக் கருவி விநாடிக்குச் சுமார் 1000 முறை புதிய விசையைத் தராவிட்டால் கெட்டியான பரப்பு கையில் நடுங்கத் தொடங்கும். ஆக, தோல் எப்படி வளைகிறது என்ற கணக்கு முழுவதும் ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும்.

1990களில் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் கோத்தான், தெலெஞ்செத், அயாஷ் ஆகியோர் கல்லீரல் அறுவைப் பயிற்சிக்காக ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். கணக்கின் பெரும்பகுதியை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு, தொடும் நேரத்தில் விடைகளைக் கூட்டிக்கொண்டார்கள். அழகான வேலை. ஆனால் கத்தி வைத்து அறுத்தால் பொருளின் வடிவமே மாறுகிறது. போட்டு வைத்த கணக்கு செல்லாது. தண்ணீர் தடவத் தடவ இறுக்கம் மாறும் தோலும் அதே கதைதான். அங்கே உடனுக்குடன் கணக்கிடுவதைத் தவிர வழியில்லை.

2007இல் என்விடியாவின் கூடா (CUDA) நிரலாக்கத் தளம் வந்தபின், படம் வரைவதற்கென்று இருந்த வரைகலைச் சில்லுகளை இப்படிப்பட்ட கணக்குக்குத் திருப்புவது எளிதாயிற்று. ஆயிரக்கணக்கான கணக்கர்கள் ஒரே சில்லில். ஆள் பலம் இருந்தும் சிக்கல் தீரவில்லை. தோலைக் கோலப்புள்ளிகள் போலப் பிரித்தால் ஒவ்வொரு புள்ளியின் நகர்வும் அண்டைப் புள்ளிகளைப் பொறுத்தது. எல்லாரும் ஒன்றாக எழுதினால் ஒருவர் கணக்கை மற்றவர் கெடுப்பார். இதற்கு நிரலாளர்கள் செய்யும் வண்ணப் பிரிப்பு நான் மிகவும் ரசிக்கும் இடம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராதபடி பிரித்துவிட்டு, சிவப்பு எல்லாம் ஒரு வீச்சில், பிறகு நீலம் எல்லாம் ஒரு வீச்சில். சண்டையே இல்லை.

இங்கேதான் கை தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். சில்லுக்கு ஒவ்வொரு முறை ஏவல் கொடுக்கவும் சில மைக்ரோ விநாடிகள் போகும். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிறம், விடை நிலைக்கும்வரை இருபது சுற்று என்றால் 120 ஏவல். 600 மைக்ரோ விநாடி வெறும் கட்டளையிலேயே தீர்ந்தது! தேர்ந்தவர் ஒரே ஏவலில் சில்லைக் கணக்குக்குள் உட்கார வைத்து, அங்கேயே சுற்றவிடுவார்.

கல்லீரலைவிடக் கஞ்சிரா கடினம் என்பேன். கல்லீரலை ஓரிடத்தில் அழுத்தினால் பாதிப்பு பெரும்பாலும் அக்கம்பக்கத்தோடு நின்றுவிடும். விறைப்பான தோலின் ஓரத்தைத் தொட்டாலோ தோல் முழுவதன் இழுவிசையும் மாறுகிறது. புள்ளிக்குப் புள்ளி செய்தி கடந்துபோக நேரமாகும் என்பதால், முதலில் பரவலான சில புள்ளிகளில் கணக்கிட்டு, பிறகு நெருக்கமான வலைக்கு இறங்கும் முறை இதற்குப் பொருந்தும். புள்ளிகள் லட்சக்கணக்கில் என்று பீற்றிக்கொண்டு அவ்வப்போது தாமதிக்கும் நிரலைவிட, ஐயாயிரம் புள்ளிகளோடு ஒரு முறைகூடக் காலம் தப்பாத நிரலுக்கே என் ஓட்டு. தாள வாத்தியத்துக்குத் தாமதம் எப்படிப் பொறுக்கும்?

சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணனின் டச் லேப் மருத்துவப் பயிற்சிக்கான தொடுகைப் பாவனைகளில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. அங்கே யாராவது ஒரு கஞ்சிராவைச் செய்து பார்க்கலாம் என்பது என் பேராசை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் உடும்பைக் காக்கிறது. அதனால் ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பாவனைத் தோலுக்கும் இடமுண்டு. செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கும்கி விரலோடு முடிவதில்லை. விரலுக்கு விநாடிக்கு 1000 விடை போதும். காதுக்கு 44,100 வேண்டும், அதுவும் அதே தோலிலிருந்து.